குடும்பப் பெயர் இல்லாதவர்களின் விடுமுறை

டிசம்பர் 25 என்றால் நான் வெண்மணியில் இருப்பேன். கடந்த பல வருடங்களாக அதில் மாற்றமில்லை. 1968இல் எரிக்கப்பட்ட 44 பேருக்கும் வீரவணக்கம் செலுத்திவிட்டு, தோழர்களோடு ஒரு டீ குடித்துவிட்டு இரவு பஸ் பிடிப்பேன். இந்த முறை போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான்கைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். கொங்கண் கடற்கரைக்குச் சுற்றுலா போயிருந்தேன். இதைச் சொல்லவே ஒரு மாதிரி கூச்சமாக இருக்கிறது.

என் தங்கை மும்பையில் செவிலியராக இருக்கிறாள். பதினெட்டு வருடமாகிறது. "அக்கா, நீ எங்க வீட்டுக்கு வந்தாகூட கூட்டத்துக்குத்தான் வர்ற. இந்த டிசம்பராவது மூணு நாள் சும்மா இரு" என்றாள். நிபந்தனையும் போட்டாள். சிலை கிடையாது, நினைவிடம் கிடையாது, உண்மை அறியும் குழு கிடையாது. கடல், மீன், தூக்கம் மட்டும். சரியென்று ஒப்புக்கொண்டேன்.

அவளே கார் ஓட்டினாள். பின்சீட்டில் அவள் மகன், பதினோரு வயது. பேண், மாண்காவ் வழியாக ஹரிஹரேஷ்வர். சென்னைக்காரிக்கு அந்த ஊர்க் குளிர் அதிகம்தான். பாக்குத் தோப்புக்குள் ஒரு வீடு, அதில் இரண்டு அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிறார்கள். கடல் கண்ணுக்குத் தெரியாது, ராத்திரியில் சத்தம் மட்டும் கேட்கும்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். பேரேட்டில் எழுத ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். "ஆட்னாவ் காய்?" என்றார். குடும்பப் பெயர் என்ன என்று அர்த்தம். மராட்டியத்தில் ஆட்னாவ் தெரிந்தால் போதும், பாதிக் கதை தெரிந்துவிடும். நமக்கு இருப்பதோ அப்பாவின் பெயர். சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டியதைத் தமிழ்நாட்டின் சாதனையாக நானே எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு அது வெறும் காலி இடமாகத் தெரிந்திருக்கிறது. காலி இடத்தை அவரே நிரப்பிக்கொண்டார்.

"மெட்ராஸா? அப்போ ஐயரா? என் மகன் ஆபீஸிலும் ஒரு ஐயர் இருக்கிறார்."

தங்கை சிரித்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு மராத்தி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் 'ஐயர்' புரியாமல் போகுமா? நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாடு அருமையாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சேப்பங்கிழங்கு இலையில் ஒரு குழம்பு, அரிசிமாவில் அவித்த மோதகம், அதன் மேல் நெய், குடிக்க சோல்கடி. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அந்த அம்மாவுக்கு என்மேல் பிரியம் வந்துவிட்டது. கையைப் பிடித்து அடுப்படிக்கே கூட்டிப்போய் மோதகத்துக்கு மடிப்பு வைக்கச் சொல்லிக்கொடுத்தார். பக்கத்திலேயே சாமி அலமாரி. நான் செய்த மோதகத்தைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

இரவு அறையில் எனக்கும் தங்கைக்கும் சண்டை. பையன் தூங்கிவிட்டதால் குசுகுசுவென்று.

"ஏன் சொல்லலை?"

"நீ ஏன் சொல்லலை?"

"எனக்கு பாஷை தெரியாது."

"ஜெய்பீம்னு சொல்ல பாஷை எதுக்கு?"

பிறகு அவளே பேசினாள். மும்பைக்கு வந்த புதிதில் வீடு தேடியபோது சைவமா அசைவமா என்று கேட்டார்களாம். அதைத் தாண்டினால் ஆட்னாவ். நான்கு வீடு கைநழுவிப் போயிருக்கிறது. "நீ மேடையில சொல்லிட்டு இறங்கிடுவ அக்கா. சொன்ன பிறகு அங்கேயே நான் குடியிருக்கணும். மூணு நாள் லீவு கேட்டது ஆஸ்பத்திரியில மட்டும் இல்ல. இதுல இருந்தும்தான்."

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் முழுக்கக் கடற்கரையில் கிடந்தோம். பையன் நண்டுக்குழி தோண்டினான். நான் ஒரு செய்தித்தாள்கூடப் பார்க்கவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

25ஆம் தேதி காலை கிளம்பினோம். வந்த வழியே திரும்பியிருக்கலாம். காரோடு படகில் ஏற வேண்டும் என்று பையன் அடம்பிடித்ததால் பாக்மாண்ட்லா துறைக்குப் போனோம். சாவித்ரி ஆறு கடலில் சேரும் முகம் அது. கார், பைக், மீன்கூடை, ஆடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு படகு வேஷ்வி கரைக்குப் போகிறது. எதிரே பாண்கோட் கோட்டை. ஆற்றின் மேல் பனி இன்னும் விலகவில்லை.

இந்த ஆற்றின் பெயரை எங்கோ படித்திருக்கிறோமே என்று யோசித்தபோது சட்டென்று உறைத்தது. மகாத் இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. 1927 டிசம்பரில் இரண்டாவது மகாத் மாநாட்டுக்கு அண்ணல் பம்பாயிலிருந்து 'பத்மாவதி' என்ற படகில் வந்தார். சாலை வழியே வந்தால் பஸ்காரர்கள் ஏற்ற மறுத்துவிடக்கூடும் என்பதால் கடல் வழி. தாஸ்காவ் துறையில் இறங்கி, அங்கிருந்து ஏறக்குறைய ஐந்து மைல் நடை. தாஸ்காவ் இதே சாவித்ரியில் உள்ளே தள்ளி இருக்கிறது. கடலிலிருந்து அங்கே போக வேறு வாசல் கிடையாது. நாங்கள் நின்ற இந்தத் தண்ணீரைத்தான் அந்தப் படகு கடந்திருக்கிறது, அதுவும் இதே டிசம்பர் 25ஐ ஒட்டி.

நிபந்தனை ஞாபகம் வந்தது. ஆனாலும் பையனிடம் சொல்லிவிட்டேன். "பஸ்ல ஏத்தமாட்டாங்களா? ஏன் பெரியம்மா, டிக்கெட் இல்லையா?" என்றான். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள்.

அக்கரை மண்டண்கட் வட்டம். அண்ணலின் பூர்வீக ஊரான அம்படவே இந்த வட்டத்தில்தான் இருக்கிறது. இன்னும் தெற்கே தாபோல் துறையில்தான் அன்னை ரமாபாயின் அப்பா மீன்கூடை சுமந்தார். கொங்கண் என்றால் மாம்பழம், கோட்டை, கடற்கரை என்று எழுதும் சுற்றுலா விளம்பரங்களில் இதெல்லாம் வராது. மதியம் ஒரு சின்னக் கடையில் வஞ்சிரம் வறுவலோடு சாப்பிட்டோம். இரண்டு நாள் சைவத்துக்குப் பிறகு பையன் தட்டையே நக்கிவிட்டான்.

மும்பைக்குத் திரும்பும் பாதை மகாத்தைத் தொட்டுத்தான் போகிறது. நான் எதுவும் கேட்கவில்லை. ஊர் வந்ததும் தங்கையே வண்டியைச் சவுதார் குளத்துப் பக்கம் திருப்பினாள். மார்ச் 20 அளவுக்கு இல்லாவிட்டாலும் நல்ல கூட்டம். மனுஸ்மிருதி எரித்த நாள் என்பதால் பெண்கள் நிறைய. நீலக்கொடி, புத்தகக் கடைகள். அண்ணல் தண்ணீர் குடித்த பிறகு, தீட்டுக் கழிக்க 108 குடத்தில் பால், தயிர், சாணி, கோமியம் கரைத்து ஊற்றிய குளம் இது. தனியார் குளம் என்று வழக்குப் போட்டு, 1937 வரை இழுத்தடித்தார்கள். படியில் உட்கார்ந்து தங்கை கால் நனைத்தாள்.

அப்போது அவள் போன் அடித்தது. ஹரிஹரேஷ்வர் வீட்டுக்கார அம்மா. பையனின் ஸ்வெட்டரை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

"மகாத்தில். சவுதார் குளத்தில். இன்று டிசம்பர் 25 இல்லையா, ஆஜி" என்றாள் தங்கை.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, பார்த்துப் போங்கள், முகவரி அனுப்புங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்துக் கூரியரில் ஸ்வெட்டர் வந்தது. துவைத்து, மடித்து, அனுப்பும் செலவைக்கூட வாங்காமல். அன்போடு துவைத்தாரா, வேறு எதற்காகவாவது துவைத்தாரா என்று தங்கையும் நானும் போனில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.