ஒரு பங்குக் குருவின் கணக்கேடு

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பகுதியில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் ஓரமாய் அமைந்த சிற்றூர் மோர்பாத். பதினாறாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்தவை 33 குடும்பங்களே. 1520-இல் அவர்களுக்குக் குருவாக வந்த கிறிஸ்டோபர் ட்ரிக்கி, 1574-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஆலயத்தின் வரவு செலவுகளைத் தம் கைப்படவே எழுதினார். அக்கணக்கேட்டைக் கொண்டு வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி 2001-இல் வெளியிட்ட நூலைப் படித்த நாள்முதல், அந்தக் குருவோடு நான் மனத்துள் வழக்காடி வருகிறேன்.

எத்துணை அழகிய பங்கு அது! தேவமாதாவுக்கும் புனிதர்களுக்கும் உரிய ஆடுகளை வீட்டுக்கு வீடு பகிர்ந்து வளர்த்தனர். கம்பளி விற்ற காசில் பீடங்களில் விளக்கெரிந்தது. எக்ஸிட்டர் நகரின் கன்னி மறைசாட்சியான புனித சிட்வெல்லின் சுரூபத்தைக் குருவே வாங்கித் தந்தார். மக்கள் அதற்கு வெள்ளியில் காலணி செய்து அணிவித்தனர். இறந்தோர் திருப்பலிக்குக் கறுப்புத் திருவுடை வேண்டுமென்று தமக்குரிய கம்பளிக் காணிக்கையையும் விட்டுக்கொடுத்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் பணம் சேர்த்தார். 1547-இல் அது வாங்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், ஆறாம் எட்வர்டு அரசின் புதிய செபநூல் அத்திருப்பலியையே நீக்கிவிட்டது. சுரூபங்கள் போயின, ஆடுகளும் விலையாயின.

1549-இல் அச்செபநூலை எதிர்த்து மேற்குப்புற மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மோர்பாத்தும் ஐந்து இளைஞருக்கு வழிச்செலவு கொடுத்து, எக்ஸிட்டருக்கு வெளியே இருந்த பாசறைக்கு அனுப்பியது. ராஜத்துரோகமாகக் கருதத்தக்க அச்செலவையும் குரு மறைக்காமல் எழுதியிருக்கிறார்! அவ்வாண்டே கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது.

1553-இல் மரியா அரசியானதும், மக்கள் வீடுகளில் காத்து வைத்திருந்த உடைகளும் சுரூபத் துண்டுகளும் ஒவ்வொன்றாய் ஆலயம் திரும்பின. அவற்றைப் பட்டியலிடும் குருவின் எழுத்தில் மகிழ்ச்சி பொங்குகிறது. ஆனால் எலிசபெத் காலத்தில் எல்லாம் மீண்டும் கவிழ்ந்தபோது, ட்ரிக்கி விலகவில்லை. புதிய நூலை ஏந்தி அதே பீடத்தடியில் நின்றார்.

முதலில் எனக்குக் கோபமே வந்தது. ஐவரைப் போருக்கு அனுப்பிய ஊரின் மேய்ப்பர், தாம் மட்டும் பதவியைக் காத்துக்கொண்டாரே என்று நினைத்தேன். மறுமுறை வாசித்தபோது அவர் வயதைக் கணக்கிட்டேன். நாற்பது ஆண்டுகளாக அவ்வூர்க் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தந்தவர். அவர்களுடைய பெற்றோரை அடக்கம் செய்தவர். அவர் போயிருந்தால், அந்த ஆலயத்தில் புனித சிட்வெல்லை நினைவுகூர வேறெந்தக் குரு இருந்திருப்பார்?


ஆயினும் அந்த ஐவருக்காக நான் இன்னும் அவரோடு வழக்காடுகிறேன்.