பரங்கிமலையின் கௌரவம்

மயிலாப்பூர்

அன்புள்ள பேத்திக்கு, உன் பாட்டியின் முழங்கால் வலி இப்போது தேவலை. சாயங்காலம் கபாலி கோயில் வரை நடந்து போய் வருகிறாள்.

உன் கடிதம் கிடைத்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்கு மனுப் போட வேண்டும் என்று நீ ஆசைப்படுவதையும், நல்ல சர்வகலாசாலை ஒன்றில் கம்ப்யூட்டர் படித்து நிம்மதியாக இருக்கலாமே என்று உன் அப்பா சொல்வதையும், ராணுவக் கல்லூரிக்கு நம் ஊரில் எவ்வளவு மதிப்பு உண்டு, அந்த மதிப்பு எதனால் வந்தது என்று நீ என்னிடம் கேட்டிருப்பதையும் நிதானமாகப் படித்தேன். 1802-ல் ஸ்தாபிக்கப்பட்ட உங்கள் கல்லூரியைப் பற்றி நான் உனக்குச் சொல்ல என்ன இருக்கிறது? அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினரின் சிபாரிசு பெற வேண்டும் என்பதும், நான்கு வருஷப் படிப்புக்குக் காசு வாங்காமல் குறைந்தது ஐந்து வருஷ சேவையைக் கேட்கிறார்கள் என்பதும் நீ அறிந்தவையே. ஆனால் நம் வீட்டிலிருந்து அடையாற்றையும் கிண்டியையும் கடந்து போனால் வருகிற பரங்கிமலையில், அதே ஜாதியைச் சேர்ந்த ஒரு ஸ்தாபனம் அறுபது வருஷங்களுக்கு மேலாக நடந்து வருகிறது. அதன் விருத்தாந்தம் தெரிந்தால் உன் கேள்விக்கு விடையும் தெரியும் என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். மயிலாப்பூரும் தியாகராய நகரும் அடையாறும் வக்கீல்களையும் ஆடிட்டர்களையும் ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர்களையும் சங்கீத வித்வான்களையும் கொண்டாடிய இடங்கள்; பட்டாளம் என்பது வேறு யார் வீட்டுப் பிள்ளைகளோ போகிற இடம் என்ற எண்ணம் இந்தத் தெருக்களில் வேரோடியிருந்தது. வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்தும் ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மதராஸ் ரெஜிமெண்டிலும் ஸாப்பர்ஸ் படையிலும் சேர்ந்து, கண் காணாத தேசங்களில் எல்லாம் சண்டையிட்டு, சிலர் பென்ஷனோடும் சிலர் ஒரு தந்திச் செய்தியாகவும் வீடு திரும்பினார்கள். வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேசத்தின் காவலைக் குடியானவன் மகனிடம் ஒப்படைத்துவிட்டு அதன் பலனை மாத்திரம் அனுபவித்தவர்கள் என்று படித்த வகுப்பாராகிய நம்மை ஒருவர் கண்டித்தால், அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கடனில் ஒரு பகுதியையேனும் தீர்க்க நமக்கு வழி திறந்துவிட்ட இடம் என்பதனால்தான் பரங்கிமலையின் மீது எனக்கு இத்தனை அபிமானம்.

அதிகாரியாகிற வாசல் இந்தியர்களுக்குச் சுலபத்தில் திறக்கவில்லை. முதல் உலக யுத்தம் முடிகிற தறுவாயில், 1918-ல், இங்கிலாந்திலுள்ள ஸாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் வருஷத்துக்குப் பத்து இடங்களை இந்தியர்களுக்கென்று ஒதுக்கினார்கள். முப்பது கோடி ஜனங்களுக்குப் பத்து இடம்! அவையும் கப்பலேறிப் போய் அங்கே தங்கிப் படிக்கச் செலவழிக்கக்கூடிய குடும்பங்களுக்கே எட்டின. 1932-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில்தான் டேராடூனில் நம் மண்ணிலேயே ஒரு ராணுவக் கல்லூரி நாற்பது மாணவர்களோடு தொடங்கிற்று. பின்னாளில் 1971 யுத்தத்தில் நம் சேனையை நடத்தி, கடைசிக் காலத்தை நீலகிரியில் கழித்த ஸாம் மானெக்ஷா அந்த நாற்பதில் ஒருவர். நம் தமிழ்நாட்டிலிருந்து தரைப்படையின் தலைமைக்கு உயர்ந்த ஜெனரல் குமாரமங்கலமோ, சென்னை ராஜதானியின் முதன்மந்திரியாக இருந்த ஜமீன்தார் டாக்டர் சுப்பராயனின் குமாரர். இங்கிலாந்தில் ஈட்டனிலும் வுல்விச்சிலும் படித்தவர். அவருடைய யோக்கியதையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஆயினும் அந்தப் பாதை எத்தகைய வீடுகளிலிருந்து புறப்பட்டது என்பதை நீ கவனிக்க வேண்டும்.

பாதையை அகலமாக்கியது ஒரு தோல்வி. 1962 அக்டோபர் 20-ந் தேதி சீனப் படைகள் எல்லையைக் கடந்தன. ஒரு மாதத்துக்குள் நாம் பட்ட அவமானம் தேசத்தையே உலுக்கிவிட்டது. சேனையைப் பெருக்குவது என்று சர்க்கார் தீர்மானித்தார்கள். சிப்பாய்களைச் சேர்க்கலாம், அவர்களை முன்னின்று நடத்துகிறவர்களுக்கு எங்கே போவது? டேராடூன் மாத்திரம் போதாது என்று கண்டு, 1963-ன் தொடக்கத்தில் பூனாவில் ஒன்றும் பரங்கிமலையில் ஒன்றுமாக இரண்டு அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிகளை அவசர அவசரமாக ஏற்படுத்தினார்கள். பூனாப் பள்ளி சீக்கிரமே மூடப்பட்டது, பரங்கிமலை நிலைத்தது. 1759-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி நம் ஊர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதிய மலையடிவாரம் அது; கும்பினியின் பீரங்கிப் படைக்குப் பாளையமாகவும் இருந்தது. ஆகவே பட்டாளத்துக்கு அந்த இடம் புதிதல்ல. புதியவர்கள் அங்கே வந்து சேர்ந்த இளைஞர்கள்தாம். பி.ஏ., பி.எஸ்ஸி. படித்துவிட்டு ஆபீசில் குமாஸ்தாவாகவோ பள்ளியில் ஆசிரியராகவோ போக இருந்தவர்கள், அவசரகாலக் கமிஷன் என்ற பெயரில் சில மாதப் பயிற்சியோடு எல்லைக்குப் போனார்கள். 1965-ல் பாகிஸ்தானோடு யுத்தம் வந்தபோது முன்னணியில் நின்ற இளம் அதிகாரிகளில் இவர்கள் அநேகர். யுத்தம் ஓய்ந்த பிறகு பலரைச் சேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

பிறகு அந்தப் பள்ளி குறுகியகாலக் கமிஷனுக்கு உரிய இடமாயிற்று. 1988-ல் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் என்று பெயரும் பெற்றது. ஊரில் ஓ.டி.ஏ. என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். டேராடூனில் தேறியவர் ஆயுள் முழுவதும் சேனைக்கு உரியவர், பரங்கிமலையில் தேறியவர் சில வருஷத்துக்கு மாத்திரம் என்ற பேதத்தை வைத்து, இதை ஒரு படி தாழ்வாகப் பேசுவோர் உண்டு. என் அபிப்பிராயம் அதற்கு நேர்மாறானது. வாழ்நாள் உத்தியோகமும் பென்ஷனும் உண்டு என்ற உறுதியோடு ஆபத்துக்குள் போவது பெரிதுதான். அவ்வுறுதிகள் ஏதும் இல்லாமல், முப்பத்தைந்து வயதில் மறுபடி வேலை தேட நேரும் என்று தெரிந்தும் அதே ஆபத்துக்குள் போவதை அதைவிடச் சிறிதென்று எப்படிச் சொல்வது?

இங்கே பரமேஸ்வரனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1946-ல் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராமசாமி பரமேஸ்வரன், 1972-ல் பரங்கிமலையில் தேறி, மஹார் ரெஜிமெண்டில் சேர்ந்தார். 1987 நவம்பர் 25-ந் தேதி இரவு, இலங்கைக்கு அனுப்பப்பட்ட நம் சேனையின் சார்பில், யாழ்ப்பாணத்துக் கந்தரோடைப் பக்கம் தேடுதலை முடித்துக்கொண்டு திரும்புகையில் அவருடைய அணியைப் பதுங்கியிருந்தவர்கள் தாக்கினார்கள். அவர் நிலைகுலையாமல், எதிரிகளைப் பின்புறமாகச் சுற்றி வளைத்து, நேருக்கு நேர் நடந்த போராட்டத்தில் மார்பில் குண்டு பாய்ந்த பின்னரும் சுட்டவனுடைய துப்பாக்கியைப் பறித்து அவனை வீழ்த்தி, மூச்சு நிற்கும்வரை தம் வீரர்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். சுதந்திர இந்தியாவில் 21 பேருக்கே கிடைத்திருக்கிற பரம் வீர் சக்கரம் அவருக்கு மரணத்துக்குப் பின் அளிக்கப்பட்டது. பரங்கிமலையின் அணிவகுப்பு மைதானத்துக்கு இன்று அவர் பெயர்.

ஆனால் குழந்தாய், அந்த யுத்தத்தை நினைத்தால் இன்றும் என் மனம் சமாதானம் அடைவதில்லை. தமிழர்களைக் காக்கப் போவதாகச் சொல்லி அனுப்பப்பட்ட சேனை தமிழர்களோடேயே பொருதும்படி ஆயிற்று. அங்கே நிராயுதபாணிகளும் மாண்டார்கள். அதன் துக்கம் நம் மாகாணத்தில் இன்னும் ஆறவில்லை. தமிழ் பேசுகிற ஓர் அதிகாரி தமிழ் பேசுகிற ஊரில், தமிழ் பேசுகிறவர்களின் குண்டுக்குப் பலியானார். அந்த யுத்தத்துக்குப் போகலாமா என்று அவரை யாரும் கேட்கவில்லை, கேட்பதும் வழக்கமில்லை. கமிஷன் பெறுகிறவர் தம் யுத்தங்களைத் தாமே தேர்ந்துகொள்வதில்லை. பார்லிமெண்டும் மந்திரிகளும் செய்கிற தீர்மானத்தின் பாரத்தை, அது சரியான தீர்மானமானாலும் தவறானாலும், அவர் தம் உடலால் தாங்க வேண்டியிருக்கிறது. ராணுவக் கல்லூரியின் கௌரவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியை அநேகமாக விட்டுவிடுகிறார்கள். எனக்கோ கௌரவத்தின் மூலமே இதில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

பரமேஸ்வரனைப் போலவே தாம்பரத்து மேஜர் முகுந்த் வரதராஜனும் 2006-ல் பரங்கிமலையிலிருந்து கமிஷன் பெற்று, 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரத்து ஷோபியானில் உயிர் துறந்து அசோக சக்கரம் பெற்றதைச் சினிமாவின் வாயிலாக நீயே அறிவாய்.

உனக்கு நேரே சம்பந்தமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வெஸ்ட் பாயிண்டில் பெண்கள் நுழைந்தது 1976-ல். இங்கே 1992-ல். பிரியா ஜிங்கன் என்ற பெண் தரைப்படைத் தலைவருக்கே கடிதம் எழுதி, எங்களையும் ஏன் சேர்க்கக் கூடாது என்று கேட்டாள். முதல் கோஷ்டியில் பரங்கிமலைக்கு வந்த 25 பெண்களில் அவளே முதல் எண்ணுக்கு உரியவள். 1993 மார்ச்சில் அவர்கள் கமிஷன் பெற்றார்கள். டாக்டர்களும் நர்ஸுகளும் நீங்கலாக, தரைப்படையில் அதிகாரியாக விரும்பிய பெண்ணுக்கு அதற்குப் பின் சுமார் முப்பது வருஷம் தேசம் முழுவதிலும் இருந்த பயிற்சிக் கழகம் இந்த ஒன்றுதான். கதீட்ரல் ரோட்டு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்த திவ்யா அஜித்குமார், 2010-ல் ஆண் பெண் எல்லாரையும் மிஞ்சி இங்கே கௌரவ வாளைப் பெற்றாள். அதை வென்ற முதல் பெண் அவளே. 2015 குடியரசு தினத்தன்று டெல்லியில் பெண்கள் மாத்திரமே அடங்கிய தரைப்படை அணிக்குத் தலைமை தாங்கிச் சென்றவளும் அவள்தான். ஆண்களைப் போலவே பெண்களுக்கும் நிரந்தரக் கமிஷன் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்ல 2020 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பூனாவுக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் முதல் பெண்கள் பதினேழு பேர் தேறி வெளிவந்தது 2025 மே மாதத்தில்தான். இத்தனைக்கும் வழி காட்டியது பரங்கிமலை என்று நான் சொன்னால் அது ஊர்ப் பற்றினால் சொன்னதாகாது.

நம் எதிர்வீட்டுப் பெண்ணை உனக்கு ஞாபகம் இருக்கும். சிறுவயதில் உன்னோடு மொட்டை மாடியில் பட்டம் விட்டவள். அவள் சரித்திரத்தில் பி.ஏ. தேறி, யூ.பி.எஸ்.ஸி. நடத்துகிற சி.டி.எஸ். பரீட்சை எழுதினாள். ஓ.டி.ஏ.வுக்கு மாத்திரம் கணிதத் தாள் கிடையாது, இங்கிலீஷும் பொது அறிவும் போதும் என்பதனால் கலைப் பாடம் படித்தவர்களுக்கும் அந்த வாசல் அடைபடவில்லை. அதன்பின் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. தேர்வு, வைத்தியப் பரிசோதனை, பிறகு 49 வாரப் பயிற்சி. முதல் சில வாரங்கள் எங்கே போவதானாலும் ஓட்டமாகவே போக வேண்டும் என்றும், பூட்ஸைத் துடைப்பதற்கென்றே தூக்கத்தில் ஒரு பங்கைக் கொடுத்தோம் என்றும் அவள் சொன்னாள். பாசிங் அவுட் பரேடுக்கு அவள் பெற்றோரோடு நானும் போயிருந்தேன். அணிவகுப்பு முடிந்த பிறகு, தோள்பட்டையில் நக்ஷத்திரங்களை மூடியிருக்கிற துணிப்பட்டியைப் பெற்றவர்கள் நீக்குவது அங்கே வழக்கம். அவள் அம்மா அந்தத் துணியின் முனையைக் கண்டுபிடிக்க முடியாமல் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணோ நிமிர்ந்த நிலை மாறாமல், உதட்டை அசைக்காமலே, ‘இடது பக்கம் பாரும்மா’ என்று சொல்லிக்கொடுத்தாள். பட்டி விலகியதும் இரண்டு நக்ஷத்திரங்கள் வெயிலில் தெரிந்தன. பக்கத்தில் ஹரியானாவிலிருந்து வந்திருந்த ஒரு குடியானவரும் அவர் மனைவியும் தங்கள் மகனுக்கு அதையே செய்துகொண்டிருந்தார்கள். எந்தச் சர்வகலாசாலைப் பட்டமளிப்பிலும் நான் அத்தனை ஜாதி, பாஷை, தொழில் உடையவர்களின் பிள்ளைகளை ஒரே வரிசையில் பார்த்ததில்லை.

உன் அப்பாவின் கவலையை அலட்சியம் செய்யாதே. இங்கே குறுகியகாலக் கமிஷன் பெற்றவர் அதிகபட்சம் பதினான்கு வருஷம் சேவை செய்யலாம். பென்ஷனுக்கோ இருபது வருஷம் வேண்டும். நிரந்தரக் கமிஷன் கிடைக்காதவர்கள் நடுவயதில் வெளியே வந்து மறுபடி முதல் படியில் நிற்கிறார்கள். இது சர்க்கார் சரிசெய்ய வேண்டிய அநீதி என்றே நான் கருதுகிறேன். உங்கள் தேசத்தில் ஐந்து வருஷம் கழித்து வெளிவருபவருக்கு என்ன வழி உண்டு என்பதை அங்கே படித்தவர்களிடமே விசாரி. அதைவிட முக்கியமாக, கடந்த அறுபது வருஷங்களில் அமெரிக்கா எந்தெந்த யுத்தங்களுக்குத் தன் பிள்ளைகளை அனுப்பிற்று என்பதைப் படி. நீ பிறந்த தேசம் அது. பிரதிக்ஞை எடுத்துக்கொண்டால் அதற்குத்தான் நீ உரியவள். நான் அதை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். வியட்நாமையும் ஈராக்கையும் போன்ற ஒரு யுத்தத்துக்கும் போக வேண்டி வரலாம் என்பதைத் தெரிந்துகொண்டு, அதன் பிறகும் உன் ஆசை நிலைத்திருந்தால், உன் அப்பாவிடம் உனக்காகப் பேச நான் தயார்.

எதிர்வீட்டுப் பெண் இப்போது இரண்டு மாத லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறாள். உன்னோடு பேசச் சம்மதித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை எட்டு மணியானால் இங்கே மாலையாகிவிடும். அந்த நேரத்தில் என் போனுக்கே கூப்பிடு, அவளை அழைத்து உட்கார வைக்கிறேன். கேட்க வேண்டியவற்றைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள். உன் அப்பாவையும் பக்கத்தில் இருக்கச் சொல்.

இப்படிக்கு, ஆசீர்வாதங்களுடன்,
தாத்தா