வணிகர் வீட்டுச் சுவர்கள்

சமர்கந்தின் ரெகிஸ்தான் சதுக்கத்தைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அந்த நீல ஓடுகளின் அழகுக்கு நான் இன்னும் அடிமைதான். ஆனால் அங்கே நின்றபோதே ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. உலுக் பேக் மதரஸா 1417 முதல் 1420 வரை கட்டப்பட்டது. எதிரே நிற்கும் ஷேர்தார் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரண்டும் ஆட்சியாளர்கள் எழுப்பியவை. சீனத்துக்கும் பாரசீகத்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே சரக்குகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த சொக்தியர்களின் காலமோ 4ஆம் நூற்றாண்டு முதல் 8ஆம் நூற்றாண்டு வரை. அவர்கள் வாழ்ந்த பழைய சமர்கந்தை 1220இல் செங்கிஸ் கானின் படை அழித்தது. அஃப்ராசியாப் என்ற பெயரில் இன்று அது புல் முளைத்த மேடு. பட்டு வழியைத் தேடி வருகிறவர்கள் ரெகிஸ்தானைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வணிகர்களைப் பார்க்க வேண்டுமென்றால் எல்லை தாண்டி தஜிகிஸ்தானின் பஞ்சகெந்துக்குப் போக வேண்டும்.

தூரம் அதிகமில்லை, சுமார் 60 கிலோமீட்டர். பல ஆண்டுகள் மூடிக் கிடந்த இந்த எல்லை 2018இல் திறந்தது. சியாப் சந்தையில் இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு பங்கு டாக்சியில் ஏறினேன். சமர்கந்த் ரொட்டி கனமானது. விளிம்பு தடித்து, நடுவில் முத்திரை குத்தி, பளபளவென்று இருக்கும். எல்லையில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் வேறு டாக்சி. வழி முழுக்கப் பருத்தி வயல்கள், இடப்புறம் ஜராஃப்ஷான் ஆறு.

பழைய பஞ்சகெந்த் இன்றைய ஊருக்குத் தெற்கே ஒரு மேட்டில் இருக்கிறது. முதல் பார்வைக்கு அங்கே ஒன்றுமே இல்லை. மழையில் கரைந்த மண் சுவர்கள், நடுவே முட்செடிகள், சுட்டெரிக்கும் வெயில். பொறுமையாக நடந்தால்தான் தெரு புலப்படும், பிறகு வாசல், பிறகு கூடம். 5ஆம் நூற்றாண்டில் உருவாகி, 8ஆம் நூற்றாண்டிலேயே கைவிடப்பட்ட ஊர் இது. மேலே புது ஊர் எதுவும் எழாததால் தெரு தெருவாக அப்படியே மண்ணுக்குள் கிடந்தது. 1940களில் தொடங்கிய அகழாய்வு தலைமுறைகளாகத் தொடர்ந்தது. அதில் வாழ்நாளைச் செலவிட்ட போரிஸ் மார்ஷாக் 2006இல் இங்கேயே காலமானார். அவர் விருப்பப்படியே இந்த மண்ணில் அடக்கம் செய்தார்கள். அந்த இடத்தில் சற்று நேரம் நின்றேன். ஓர் ஊரின் மேல் ஒரு மனிதர் இத்தனை பற்று வைக்க முடியும் என்பதே எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

இந்த ஊரின் சிறப்பு அரண்மனையில் இல்லை, வீடுகளில் இருக்கிறது. மண் செங்கல்லில் இரண்டு, மூன்று தளங்கள். உள்ளே நாற்புறமும் சுவரை ஒட்டித் திண்ணை வைத்த கூடம். அதன் சுவர்களில் வண்ண ஓவியங்கள். அரசன் வீட்டில் மட்டுமல்ல, வசதியுள்ள ஊர்க்காரர்களின் வீடுகளிலும் வரைந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இது எங்கும் காணக்கூடிய வழக்கமல்ல. ஓவியங்களில் சிறந்தவை இப்போது சென்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்திலும் துஷான்பேயிலும் இருக்கின்றன. மேட்டில் வெறும் சுவர்தான். ஆனாலும் எது எங்கே இருந்தது என்று தெரிந்துகொண்டு போனால் அந்தச் சுவர் பேசும்.

வாசலுக்கு எதிரே, உயரத்தில், குடும்பத்தின் தெய்வம். சிங்கத்தின் மேல் அமர்ந்த நானா என்ற தேவிக்கு நான்கு கைகள். மேல் கைகளில் சூரியனும் சந்திரனும். மூன்று தலைகளும் சூலமும் கொண்ட இன்னொரு தெய்வத்தைப் பார்த்தால் நம் ஊர்க்காரர் யாரும் சிவன் என்றே சொல்வார்கள். சொக்தியர்கள் அவரை வேஷ்பர்கர் என்று வணங்கினார்கள். அதற்குக் கீழே நடுவரிசையில் ருஸ்தம் போன்ற வீரர்களின் கதைகள். கடைசியாக, திண்ணைக்குச் சற்று மேலே, சின்னச் சின்னக் கட்டங்களில் நீதிக்கதைகள். அவற்றில் ஒன்று சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துப்போய் அதன் நிழலையே எதிரியாகக் காட்டிய முயலின் கதை!

பஞ்சதந்திரம். நம் பாட்டிகள் சொன்ன கதை. 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் குஸ்ரோவின் மருத்துவர் புர்ஸோய் அதைப் பாரசீகத்துக்குக் கொண்டுபோனார், 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா அரபிக்குக் கொண்டுபோனார் என்றுதான் இலக்கிய வரலாறு சொல்லும். அந்தப் பெரிய மொழிபெயர்ப்புகளுக்குப் பக்கத்திலேயே, ஊர் பேர் தெரியாத ஓவியர் ஒருவர் பஞ்சகெந்தின் கூடத்தில் முயலை வரைந்துவிட்டார். ஓவியம் இருந்தது தரையோரம், சிறு பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு. தந்தை மாதக்கணக்கில் வழியில் இருந்தபோது பிள்ளைகள் அதைக் காட்டிக் கதை கேட்டிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். பாரசீகக் கவிதையின் தந்தை ருதாகி பிறந்த ஊரும் பஞ்சகெந்துக்கு அருகில்தான். அவரும் இதே கதைகளைச் செய்யுளாக இயற்றினார். அதில் பெரும்பகுதி காலத்தில் போய்விட்டது.

பிள்ளை பிறந்ததும் சொக்தியர்கள் அதன் வாயில் கற்கண்டும் உள்ளங்கையில் பசையும் வைப்பார்கள் என்று சீன வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பேச்சு இனிக்க வேண்டும், கையில் வந்த காசு ஒட்டிக்கொள்ள வேண்டும். இருபது வயதானால் பையன் வெளிநாடு போய்விடுவான். சீனத்திலிருந்து ரோம் வரை ஒரே ஆள் ஒட்டகத்தோடு நடந்தார் என்ற கற்பனையை நாம் விட்டுவிடலாம். ஒருவர் ஒரு நகரத்திலிருந்து அடுத்த நகரம் வரை கொண்டுபோவார். அங்கே அவருடைய உறவினர் காத்திருப்பார். சிந்து நதியின் மேல்பகுதியில், ஷதியால் என்ற இடத்தில், சொக்தியர்கள் தங்கள் பெயர்களைப் பாறைகளில் நூற்றுக்கணக்கில் செதுக்கியிருக்கிறார்கள். இந்தியச் சரக்கோடு மலையேறியவர்கள் அவர்கள்.

இந்தப் போக்குவரத்தின் விலையை வீட்டில் இருந்தவர்கள் கொடுத்தார்கள். 1907இல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் சீனத்தின் துன்ஹுவாங்குக்கு மேற்கே ஒரு காவல் கோபுரத்தில் சொக்தியக் கடிதங்கள் சிலவற்றைக் கண்டெடுத்தார். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டு, போய்ச் சேராமலே போனவை. ஒன்று சமர்கந்துக்கு முகவரியிட்டது. போர், பஞ்சம், கஸ்தூரி வியாபாரம் எல்லாம் அதில் உண்டு. இன்னும் இரண்டை எழுதியவள் மிவ்னாய் என்ற பெண். கணவன் அவளைத் துன்ஹுவாங்கில் விட்டுவிட்டுப் போய்விட்டான். கையில் காசில்லை, ஊர் திரும்ப வழியில்லை, உதவி கேட்ட இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். கணவனுக்கு எழுதிய கடிதத்தில் அவள் கொட்டியிருக்கும் கோபத்தைப் படித்தால் இன்றும் கை நடுங்கும்.

அதற்கு நானூறு ஆண்டுகள் பிந்தைய இன்னொரு பெண்ணின் ஆவணம் இங்கே ஜராஃப்ஷான் பள்ளத்தாக்கிலேயே கிடைத்தது. பஞ்சகெந்தின் கடைசி அரசர் திவாஷ்திச் அரபுப் படைக்கு அஞ்சி மலைமேல் இருந்த முக் கோட்டைக்கு ஓடினார்; 722இல் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய ஆவணக் கட்டு அங்கேயே தங்கிவிட்டது. 1932இல் ஓர் ஆட்டிடையர் கண்ணில் பட்ட கூடையிலிருந்து அந்தத் தேடல் தொடங்கியது. அதில் ஒன்று சட் என்ற பெண்ணின் 710ஆம் ஆண்டுத் திருமண ஒப்பந்தம். அவளைக் கேட்காமல் கணவன் இன்னொருத்தியை வைத்துக்கொண்டால் 30 திர்ஹம் தண்டம். அவள் பிரிந்துபோக விரும்பினால் தன் உடைமைகளோடு போகலாம். சமர்கந்தின் குவிமாடங்களைவிட இந்த ஆவணம்தான் எனக்குப் பெரிது. ஆண்கள் தூரதேசம் போகும் சமூகம் வீட்டிலிருந்த பெண்ணுக்கு எழுத்தில் காப்பு கொடுத்திருக்கிறது.

பஞ்சகெந்திலிருந்து கிழக்கே போகப் போக மலைகள் நெருக்கின. ஜூலை மாதம், கூரைக்குக் கூரை ஆப்ரிகாட் பழங்களைப் பிளந்து காயப் போட்டிருந்தார்கள். அய்னியில் ஃபான் ஆறு வந்து கலக்கிறது. அங்கிருந்து தெற்கே திரும்பும் சாலை ஆற்றை ஒட்டிக் குறுகிய மலையிடுக்கில் நுழைந்து, ஃபான் மலைகளைத் தாண்டி துஷான்பேக்குப் போகிறது. 5,489 மீட்டர் உயரமுள்ள சிம்தர்கா இந்த மலைத்தொடரின் உச்சி. இடையிடையே சாம்பல் நிறப் பாறை, ஆரஞ்சுப் பாறை, மறுபடி சாம்பல். எதிரே நிலக்கரி லாரி வந்தால் நம் வண்டி பாறையோடு ஒட்டி நின்றுவிடும்.

யக்னோப் பள்ளத்தாக்குக்குப் பிரியும் வழி இந்தச் சாலையில்தான். பட்டு வழி முழுவதும் பேசப்பட்ட சொக்திய மொழியின் வாரிசு, உலகத்தில் இந்தப் பள்ளத்தாக்கின் யக்னோபி மக்களிடம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. பனி ஆண்டில் பாதி நாள் பாதையை அடைத்துவிடும். அந்தத் தனிமைதான் மொழியைக் காத்தது. 1970இல் சோவியத் அரசு இவர்களை ஹெலிகாப்டர்களில் ஏற்றி, வடக்கே ஜஃபரோபாத்தின் பருத்தி வயல்களில் இறக்கியது. குளிர்மலையில் வாழ்ந்தவர்கள் வெக்கையில் நோயுற்று மடிந்தார்கள். பிற்பாடு சில குடும்பங்கள் நடந்தே திரும்பின. படைகள் அழிக்க முடியாததை ஓர் அரசாணை ஏறக்குறைய முடித்தேவிட்டது. அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

சாலையோரத் தேநீர்க் கடையில் யக்னோபிப் பெரியவர் ஒருவர் எதிரே அமர்ந்திருந்தார். பச்சைத் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி என் பக்கம் தள்ளினார். ஓட்டுநர் உதவியோடு பேசினோம். உங்கள் முன்னோர் சீனம் வரை வணிகம் செய்தவர்கள் என்றேன். தெரியும் என்பதுபோல் தலையசைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு கை உலர்ந்த ஆப்ரிகாட்டை எடுத்து என் முன் வைத்தார்.

“இது உங்கள் ஊரில் கிலோ என்ன விலை போகும், தம்பி?”

சொன்னேன். வாங்குகிறவர் யார், மூட்டை எந்த வழியாக வரும், விமானமா, ஆப்கானிஸ்தானைக் கடந்து லாரியா, எல்லையில் எவ்வளவு கேட்பார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். நாங்கள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கெண்டி காலியாகி, இன்னொரு கெண்டி வந்துவிட்டது.