மிஸ்ஸிங் அடிக்கிற என்ஜின்

நடுக்கடலில் என்ஜின் பழுதாகித் தத்தளித்த மீனவர்களைப் பக்கத்து வள்ளக்காரர்கள் கரைசேர்த்தார்கள் என்று நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி செய்தி வரும். என்ன பழுது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. குமரி மாவட்டக் கடலோரத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் கேட்டேன். "அதை மெக்கானிக் அண்ணன்கிட்டதான் கேக்கணும்" என்று குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவிலுள்ள ஓர் ஊருக்குக் கூட்டிப்போனார்.

தகரக் கூரை போட்ட பட்டறை. தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் காலை நனைத்தபடி ஒரு அவுட்போர்டு என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான்கைந்து முறை சீராகத் துடித்து, ஒருமுறை விக்கியது. மெக்கானிக் தலை நிமிராமல் சொன்னார்: "கீழ சிலிண்டர்."

கட்டுமரமும் பாயுமாக இருந்த கரை இது. முட்டத்தில் படகு வடிவமைப்பாளர் பியர் ஜில்லே போன்றவர்கள் ஒட்டுப்பலகை வள்ளங்களைக் கட்டிப்பார்த்தார்கள்; 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு என்ஜின்களைத் தருவித்ததோடு பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. இந்த அண்ணன் தொழில் படித்தது அப்படியொரு பட்டறையில்தான். அதற்கு முன்பு அப்பாவோடு கடலுக்குப் போனவர். என்ஜின் நின்றுபோனால் வள்ளத்தில் இருப்பவனுக்கு எப்படியிருக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த என்ஜின்கள் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. மண்ணெண்ணெய் பெட்ரோலைப்போல் எளிதில் ஆவியாகாது. அரைகுறையாக எரிந்த கரி பிளக்கின் முனையில் படியும். படிந்தால் தீப்பொறி பாய்வதற்குள் மின்சாரம் கரிவழியே கசிந்துவிடும். கரைக்கு வருமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சநேரம் ஓட்டி நிறுத்தினால் பாதித் தொல்லை இல்லை. "மீனைக் கண்டா அதெல்லாம் எவனுக்கு ஞாபகம் இருக்கும்?" என்றார்.

பாட்டரி கிடையாது. பிளைவீலுக்குள் இருக்கும் காந்தம் சுற்றும்போது அடியிலுள்ள காயிலில் மின்சாரம் பிறக்கிறது. சி.டி.ஐ. பெட்டி அதைச் சில நூறு வோல்ட்டாகச் சேர்த்துவைத்து, பல்சர் காயில் சொல்லும் கணத்தில் கொட்டுகிறது. பிளக்குக்கு மேலுள்ள காயில் அதை 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுகிறது. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும்போது ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு எண்பதுக்கும் மேல். இத்தனையும் உப்புக்காற்றில் நடக்க வேண்டும்.

என்ஜினுக்குச் சொந்தக்காரரான வள்ளக்காரர் பக்கத்தில் நின்றார். இப்படி விக்கி மிஸ்ஸிங் அடிக்கிறதென்று வேறொரு இடத்தில் காட்டியதில் சி.டி.ஐ. போய்விட்டது என்றார்களாம். புதுப் பெட்டி வாங்கிப் போட்டிருக்கிறார். மிஸ்ஸிங் நிற்கவில்லை.

அண்ணன் எதையும் வாங்கச் சொல்லவில்லை. பிளக்குகளைக் கழற்றினார். மேல் பிளக்கின் முனை காப்பி நிறம். கீழ் பிளக் கறுத்து, எண்ணெய் ஈரமாக இருந்தது. இரண்டையும் துடைத்து இடம் மாற்றிப் போட்டார். மறுபடியும் கீழ் சிலிண்டரே விக்கியது. ஆக, பிளக் இல்லை. இந்த என்ஜினில் சிலிண்டருக்கு ஒரு காயில். அவற்றை ஒயரோடும் கேப்போடும் மாற்றிப் போட்டார். இப்போது விக்கல் மேலே ஏறிவிட்டது. குற்றம் காயிலோடு நகர்கிறது, சி.டி.ஐ.யின்மேல் பழியே இல்லை.

இன்னொருவராக இருந்தால் இங்கேயே புதுக் காயில் எழுதிக்கொடுத்திருப்பார். இவர் பையனை அழைத்து என்ஜின்மேல் தார்ப்பாயைப் போர்த்தச் சொன்னார். "உள்ள பாருங்க சார்." இருட்டில், பிளக் கேப்புக்குச் சற்று மேலே, ரப்பர் வெடித்த இடத்திலிருந்து நீலமாகப் பொறி என்ஜின் உடம்புக்குத் தாவிக்கொண்டிருந்தது. என்ஜினை நிறுத்தி, கேப்பைத் திருகி எடுத்து ஒயரின் நுனியைக் காட்டினார். செம்பு பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. வெடிப்பு உள்ள விரற்கடை நீளத்தை வெட்டினார். பளபளப்பான செம்பு தெரிந்ததும் கேப்பைத் திருப்பித் திருகி, கிரீஸ் பூசினார். பீப்பாயில் என்ஜின் ஒரே குரலில் ஓடியது.

சூடேறினால் மட்டும் செத்துப்போகும் காயில், ஸ்டாப் ஸ்விட்ச் ஒயர் உரசி எர்த் ஆவது, தண்ணீர் கலந்த மண்ணெண்ணெய் மிஸ்ஸிங்போல் நடிப்பது என்று அவர் நிறையச் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான்: ஒன்றை மாற்று, குற்றம் நகர்கிறதா பார், அப்புறம் காசைத் தொடு.

காசு என்பது இங்கே வள்ளக்காரரின் காசு இல்லை. சி.டி.ஐ. பெட்டிக்கு முன்பணம் கொடுத்தவர் மீனை ஏலம் போடுகிறவர். வட்டி என்று அவர் எதையும் எழுதிக்கொள்வதில்லை. பிடித்துவருகிற மீனை அவரே ஏலம் போடுவார், ஒவ்வொரு ஏலத்திலும் கழிவு எடுப்பார், விலை படிவது அவர் வாயில். கடலில் உயிரைப் பணயம் வைக்கிறவனுக்குத் தன் மீனை யாரிடம் விற்பது என்று சொல்லும் உரிமைகூட இல்லாமல் போவதற்கு, ஊகித்து எழுதிய ஒரு உதிரிபாகச் சீட்டு போதும் என்பதை நினைக்க எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. மீனவர்கள் தங்கள் மீனைத் தாங்களே ஏலம் போட, ஊருக்கு ஊர் சங்கம் கட்டியது இந்தப் பிடியை உடைக்கத்தான். சங்கம் தளர்ந்த ஊர்களில் பழைய கை திரும்ப வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஒயரை வெட்டியதற்கு அண்ணன் கூலி வாங்கிக்கொண்டார், கொஞ்சம்தான். கழற்றிவைத்திருந்த பழைய சி.டி.ஐ. பெட்டியை மாட்டி ஓட்டியும் காட்டினார், நன்றாகவே இருந்தது. புதியதைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார், மாட்டிப்பார்த்த கரண்ட் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். முன்பணம் அடையும்வரை அந்த வள்ளத்தின் மீனை வேறு யாரும் ஏலம் போட முடியாது.