அந்தாண்ட போகணும்

நார்தாம்ப்டன், இங்கிலாந்து



ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்குப் போன் போட்டால் முதல் ஐந்து நிமிடம் ரோட்டுப் புராணம்தான். மழை, விலைவாசி, மகன் படிப்பு எல்லாம் அதற்கப்புறம். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறாள். கம்பெனி பைபாஸுக்கு ஒரு பக்கம், வீடு மறுபக்கம். “கூப்பிடு தூரம்தாண்டா தம்பி வீடு. அந்தாண்ட போறதுக்குள்ள உசிரு போய் உசிரு வருது” என்றாள் போன வாரம்.

அந்தாண்ட, இந்தாண்ட. எங்கள் வட ஆற்காட்டுப் பேச்சில் நாள் முழுக்கப் புழங்கும் சொற்கள். நெடுஞ்சாலைத் திட்டக்காரர்களின் பேச்சில் இரண்டுக்கும் இடமில்லை. அங்கே சென்னை உண்டு, பெங்களூரு உண்டு, இடையில் எத்தனை கிலோமீட்டர் என்பதுண்டு.

ஊரின் கிடப்பைச் சொன்னால் சங்கதி விளங்கும். ஒரு பக்கம் ஜவ்வாது மலை, எதிர்ப்பக்கம் ஆந்திர எல்லையை ஒட்டிய குன்றுகள், நடுவில் பாலாற்றுப் பள்ளத்தாக்கு. ஆறு, ரயில் பாதை, நெடுஞ்சாலை மூன்றும் அந்தப் பள்ளத்தாக்கில் நெடுக்காகவே ஓடுகின்றன. தோலை நம்பிப் பிழைக்கும் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் இந்த ஓரத்தில்தான். பழைய ராணுவ வழியும் இதுவே. 1749-ல் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் ஆம்பூரில் வழிமறித்து நின்று, அந்தப் போரிலேயே மாண்டார். இந்த வழியில் குறுக்கே நின்றவர்களுக்கு அன்றைக்கே நல்லது நடந்ததில்லை.

பைபாஸ் என்று பெயர் வைத்ததே ஊருக்குள் வராமல் ஒதுங்கிப் போவதற்கு. ஆனால் ரோடு எங்கேயோ ஊரும் அங்கே. பிரியாணிக் கடை, லாரி செட், ஷூ கம்பெனி என்று ஒவ்வொன்றாக அதன் இரு கரையிலும் வந்து உட்கார்ந்தன. 2011 கணக்கெடுப்பிலேயே ஆம்பூரில் 1.14 லட்சம் பேர். தங்க நாற்கரத் திட்டத்தில் ரோடு நான்கு வழியானது, பிறகு கிருஷ்ணகிரியிலிருந்து வாலாஜாபேட்டை வரை சுமார் 148 கிலோமீட்டர் ஆறு வழியானது. 46 என்றிருந்த நெடுஞ்சாலை எண் 48 ஆனது. எங்கள் ஆட்கள் வாயில் மட்டும் இன்னும் ‘பைபாஸ்’. இப்போது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஹொஸ்கோட்டேவுக்கும் இடையே புது விரைவுச்சாலை ஒன்று ஆம்பூரைத் தொடாமலே போகிறது. 2022 மே மாதம் அடிக்கல் நாட்டிய அந்தச் சாலையை பைபாஸுக்கு ஒரு பைபாஸ் என்றுதான் சொல்ல வேண்டும். அதுவும் முழுதாகத் திறந்த பிறகு பழைய ரோட்டில் வண்டி குறையலாம். ஆனால் இந்தாண்ட வேலையும் அந்தாண்ட வீடுமாக இருப்பவர்கள் குறையப் போவதில்லை.

ரோட்டை அகலப்படுத்துமுன் வண்டிகளை எண்ணுவார்கள். இரவு பகலாக ஏழு நாள் எண்ணி, எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள். இந்திய சாலைகள் காங்கிரஸ் 1990-ல் வெளியிட்ட அட்டவணையில் மோட்டார் சைக்கிள் அரைக் கார், லாரியும் பஸ்ஸும் மூன்று கார், குதிரை வண்டி நான்கு, மாட்டு வண்டி எட்டு. நடந்து போகும் ஆளுக்கு அதில் வரிசையே கிடையாது. என் அக்கா மாட்டு வண்டியில் ஏறிக் குறுக்கே போனால் எட்டு கார். டிபன் கேரியரோடு நடந்து போனால் சைபர்.

நடப்பவர்களுக்கென்று வேறொரு சூத்திரம் இருக்கத்தான் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் குறுக்கே நடப்பவர்களின் எண்ணிக்கையை, அதே நேரத்தில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையால் இரண்டு முறை பெருக்க வேண்டும். நடுத்தடுப்பு உள்ள ரோட்டில் விடை 20 கோடியைத் தாண்டினால் கடக்கும் வசதி தேவை என்று அர்த்தம். பெருக்கிப் பார்த்தேன். மணிக்கு 2,000 வண்டி ஓடும் இடத்தில் 50 பேர் கடந்தாலே கணக்கு நிறைந்துவிடுகிறது. கம்பெனி விட்டுச் சங்கு ஊதினால் ஐம்பது பேர் வெளியே வர எத்தனை நிமிடம் ஆகும்? சூத்திரம் கஞ்சத்தனமானதில்லை. சங்கு ஊதும் நேரத்தில் அங்கே ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சூத்திரம் நான் இருக்கும் நாட்டில் பிறந்தது. 1990-களிலேயே இங்கே அதை ஓரங்கட்டிவிட்டு, கடப்பவர்களில் வயதானவர் எத்தனை, குழந்தைகள் எத்தனை, எவ்வளவு நேரம் காத்து நிற்கிறார்கள் என்று இடம் பார்த்து முடிவு செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

சட்டத்திலும் இதே ஓட்டை. 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலம் எடுக்க அறிவிக்கை வந்தால் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். யார் சொல்லலாம்? அந்த நிலத்தில் பாத்தியதை உள்ளவர். ரோட்டோரத்தில் ஒரு சென்ட் வைத்திருப்பவருக்கு மனு போட வழி இருக்கிறது, இழப்பீட்டில் குறை என்றால் மேலே போகவும் வழி இருக்கிறது. தினமும் இரண்டு முறை அதே ரோட்டைக் கடக்கிறவளுக்கு அதில் சென்ட் நிலமில்லை. ஆகவே அவள் தரப்பு என்று ஒன்று கிடையாது.

நான் தோல் தொழில்நுட்பம் படிக்க வந்து தங்கிவிட்ட ஊர் இது. ஆம்பூரைப் போலவே ஷூ தைத்துப் பேர் வாங்கியது. உள்ளூர்க் கால்பந்து அணிக்கே ‘காப்ளர்ஸ்’ (செருப்பு தைப்பவர்கள்) என்றுதான் செல்லப்பெயர். 1959-ல் எம்-1 நெடுஞ்சாலை பக்கத்தில் வந்தது, 1968-ல் புதுநகரமாக அறிவித்து ஊரை வேகவேகமாகப் பெருக்கினார்கள். அப்போது கட்டிய கிழக்குப் பகுதியில் ரோட்டுக்கு அடியில் நடைபாதைச் சுரங்கங்கள் இருக்கின்றன. பகலில் பள்ளிப் பிள்ளைகள் நிம்மதியாகப் போகிறார்கள். இருட்டிவிட்டால் என் மனைவி அந்த வழியில் போகமாட்டாள். வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் சரி என்று எழுத எனக்கு உத்தேசமில்லை. எம்-1-லேயே எங்கள் ஊரை ஒட்டிய பகுதியில், பழுதான வண்டி ஒதுங்குவதற்கென்று இருந்த ஓரத்தையும் ஓடுபாதையாக்கி அகலப்படுத்தினார்கள். வேலை முடிந்தது 2023-ல். அதே ஆண்டு ஏப்ரலில், இனி இம்மாதிரிச் சாலைகள் புதிதாக வேண்டாம் என்று அரசே கைவிட்டது. செலவு ஒரு காரணம், மக்களுக்கு நம்பிக்கை போனது இன்னொரு காரணம். ஓடுகிறவனுக்கு ஒரு வழி கூடியது, நிற்க வேண்டியவனுக்கு இருந்த இடம் போனது.

ஊர் நடுவே ரோட்டை விரிக்கும்போது கேட்க வேண்டியது எத்தனை வழி என்பதோடு முடிவதில்லை. மேம்பாலம் என்றால் எந்த மாதிரி மேம்பாலம்? இரு பக்கமும் சுவர் எழுப்பி நடுவில் மண்ணைக் கொட்டினால் செலவு குறையும், ஊர் இரண்டாக அறுபடும். தூண்கள் மேல் நிறுத்தினால் செலவு ஏறும், ஆனால் அடியில் ஆட்டோவும் சைக்கிளும் ஆட்களும் எங்கு வேண்டுமானாலும் அந்தாண்ட போகலாம். சுரங்கப்பாதை என்றால் ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் எங்கே வடியும் என்பதை வரைபடம் போடும்போதே சொல்ல வேண்டும். இரும்பு நடைமேம்பாலம் மலிவுதான். எட்டு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்து எழுந்தவளை நாற்பது படி ஏற்றி நாற்பது படி இறக்கினால், அவள் நடுத்தடுப்பில் இருக்கும் இடைவெளியைத்தான் தேடுவாள். பிறகு அவளையே குற்றம் சொல்வோம்.

விடுபட்டதைக் கணக்கில் ஏற்ற வேண்டிய நிலை தோல் தொழிலுக்கே ஒருமுறை வந்ததுண்டு. தோல் பதனிட்ட தண்ணீர் பாலாற்றில் போய்ச் சேர்ந்த காலத்தில், ஒரு ஜோடி ஷூவின் விலையில் தோல், கூலி, கப்பல் வாடகை எல்லாம் இருந்தன. கிணறு கெட்ட விவசாயி மட்டும் இல்லை. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசு செய்பவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம் என்றது. ஆறு அதனால் தேறிவிடவில்லை. 2025 ஜனவரியிலும் அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டி வந்தது. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ‘அது எங்கள் கணக்கில் வராது’ என்று எந்த முதலாளியும் சட்டப்படி சொல்ல முடியாது. ரோட்டோரம் காத்து நிற்கும் அரை மணி நேரத்துக்கும் அப்படி ஒரு வரி எழுதப்பட வேண்டும். வண்டிக்காரர் மிச்சம் பிடிக்கும் நிமிடங்களைத் திட்டத்தின் லாபமாக எழுதுகிறவர்கள், அதே தாளில் அக்கா இழக்கும் நிமிடங்களைச் செலவாக எழுதினால் போதும். எந்தப் பாலம் மலிவு என்பது அப்போது தானாகத் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் இந்த வாரம் அக்காவிடம் சொன்னேன். “அக்கா, ஒரே ஒரு நாள், சாயங்காலம் கம்பெனி விட்டதும் ஓரமா நின்னு எத்தனை பேர் தாண்டுறாங்கன்னு எண்ணி எழுதி வையேன். மனுவா எழுதிப் போடலாம்” என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

“இன்னாடா பேசுற? ஒரு பத்து செகண்டு கேப்பு வுடறான். அதுல எண்ணிக்கினு நின்னா, நான் எப்போ அந்தாண்ட போறது?”

அன்புடன்,
ஆம்பூர்க்காரன்