எந்தச் சாவி?

ஆண்டிறுதித் தேர்வுக்கு முந்திய இரவு அது. ஐந்தாம் ஆண்டுத் தமிழ்மொழி வினாத்தாளைச் சக ஆசிரியர் ஜிபிஜி மென்பொருளால் பூட்டி, மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். என் மடிக்கணினியோ, இரகசியச் சாவி இல்லை என்றது.

பிழையின் வேர் நான்தான். பழைய கணினியின் வன்தட்டு பழுதானபோது அதிலிருந்த இரகசியச் சாவியும் அழிந்தது. அதே பெயரில் புதியதொன்றை உருவாக்கி அவருக்கு அனுப்பினேன். பழையதை இரத்துச் செய்யவில்லை. அதற்குரிய சான்றிதழையும் எடுத்து வைத்திருக்கவில்லை. ஆகவே, அவரது சாவிக்கொத்தில் என் பெயரில் இரண்டு சாவிகள். கட்டளையில் பெறுநருக்குரிய இடத்தில் அவர் என் பெயரை மட்டுமே தட்டச்சு செய்திருக்கிறார். பெயரை மட்டும் கொடுத்தால், முதலில் பொருந்தும் சாவியையே ஜிபிஜி எடுத்துக்கொள்ளும். எந்தச் சாவி என்று கேட்காது!

தம்மையும் பெறுநராகச் சேர்க்காததால் அவராலும் அதைத் திறக்க இயலவில்லை. மூலக்கோப்பையோ, பாதுகாப்புக் கருதி, அனுப்பிய கையோடு அழித்துவிட்டார். நினைவிலிருந்த வினாக்களைத் தொலைபேசியில் அவர் சொல்லச் சொல்ல, நான் தட்டச்சு செய்து முடித்தபோது மணி இரண்டு.

என் வகுப்பில் ஒரே பெயரில் இரு மாணவியர் உள்ளனர். பாரங்களை நிரப்பும்போது மைகிட் அட்டையின் 12 இலக்கங்களைத்தான் பார்ப்பேன். சாவிக்கும் அத்தகைய அடையாளம் உண்டு. கைரேகை என்பர், 40 குறிகள் கொண்டது. மறுநாள் தேர்வு முடிந்ததும், புதிய சாவியின் கைரேகையை நான்கு நான்காக அவருக்கு வாசித்தேன். ஏழாவது தொகுதியில் மட்டும் இருமுறை தடுமாறினேன்.