டிராகனின் கழுத்து

மேசைமேல் நடக்கும் போர் விளையாட்டுகளைப் பெரியவர்களின் பொம்மை விளையாட்டு என்று சிரித்துத் தள்ளுவோர் உண்டு. எங்களுக்கு அதில் மறுப்பில்லை. ஈயச் சிப்பாய்களை வைத்து ஆடுவதற்கு எச்.ஜி. வெல்ஸே 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் விதிகள் எழுதியிருக்கிறார். எழுபது ஆண்டுகள் கழித்து, 1983-இல், இங்கிலாந்தில் வெளியான வார்ஹாமர் அந்தச் சிப்பாய்களின் இடத்தில் எல்ஃபுகளையும் குள்ளர்களையும் டிராகன்களையும் நிறுத்தியது.

எங்கள் இருவருக்கும் பொதுவானதோர் எல்ஃப் படை. அதற்கென 2012-இல், உற்பத்தி நின்றுபோன பழைய உலோக டிராகன் ஒன்றைக் கைமாற்றாக வாங்கினோம். நீண்ட கழுத்து, பிளந்த வாய், நேர்கொண்ட பார்வை. எல்லா டிராகன்களும் அப்படித்தான் பார்க்கின்றன. எங்களை உறுத்தியது விளையாட்டின் விதி ஒன்று. டிராகன்மேல் அமர்ந்திருக்கும் வீரர் மாண்டால், அது இனி என்ன செய்யும் என்பதைத் தனியே பகடை உருட்டி அறியவேண்டும். வெறிகொண்டு பாயலாம், வீழ்ந்தவரின் உடலைக் காத்து நகராமலும் நிற்கலாம். அந்த இரண்டாவது டிராகன்தான் எங்களுக்கு வேண்டும். அதற்கு அது திரும்பிப் பார்த்தாகவேண்டும்.

எங்களில் ஒருவர் அறுக்கலாம் என்றார். மற்றவர் கூடாது என்றார். சேகரிப்பாளர்கள் விலை தருவது முழு உருவத்துக்கே. ரம்பம் பட்டபின் அது வெறும் உலோகம். இரண்டு வாரம் டிராகன் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. போர்க்களத்துக்கென வார்க்கப்பட்டதை விலைக்காகப் பூட்டிவைப்பது நமக்கு ஒத்துவராது என்று இறுதியில் இருவரும் ஒப்பினோம்.

கழுத்து ரப்பர் குழாயன்று, ஓரிடத்தில் மடக்கிவிட. ஆற்றங்கரையில் அன்னம் தன் முதுகிறகைக் கோதுவதைப் பலநாள் பார்த்தோம். வளைவை ஒவ்வொரு எலும்பும் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொள்கிறது. ஆகவே நகைத்தொழிலாளரின் மெல்லிய ரம்பத்தால் கழுத்தை நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் சற்றே திருப்பி, துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகி ஒட்டினோம். இடைவெளிகளை எபாக்ஸி மாவால் நிரப்பினோம். குழாய்க் கசிவை அடைக்கும் எம்-சீலின் நெருங்கிய உறவினன் அது. மஞ்சளையும் நீலத்தையும் சேர்த்துப் பிசைந்தால் பச்சையாகும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் வடிவம் தந்துவிடவேண்டும். செதில்களை ஓடு வேய்வதைப்போல உடற்பக்கம் தொடங்கித் தலைநோக்கி அடுக்கினோம். வளைவின் உட்புறத்தில் தோல் சுருங்கும். வெளிப்புறத்தில் செதில்கள் விலகும்.

வண்ணத்தில் ஒரு தந்திரம் உண்டு. இத்தனை சிறிய உடலில் மெய்யான வெளிச்சத்துக்குப் போதிய நிழல் விழாது. நிழலையும் நாமே தீட்டவேண்டும். கருநீலம் பூசி, நீர்த்த கறுப்பைப் பள்ளங்களில் ஓடவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை வெளிறச்செய்தோம். கழுத்து திரும்பியதால், வழக்கமாக மறைந்திருக்கும் தொண்டையின் வெளிர்ப்பகுதி வெளியே தெரிந்தது. டிராகனிடம் மென்மையான இடம் அதுவே. கண்ணைக் கடைசியில் திறந்தோம். கருவிழி சேணத்தை நோக்கியது.

வீரரைக் காந்தத்தால் பொருத்தியிருந்தோம். அவர் இருக்கையில் டிராகன் கட்டளைக்குச் செவிசாய்ப்பதுபோல் தோன்றும். அவரை எடுத்துவிட்டால், அதே பார்வை அவரைத் தேடும். செதிலொன்றும் மாறியிருக்காது.

2015-இல் அந்த உலகம் கதைப்படியே அழிந்து, வேறொரு விளையாட்டு அதன் இடத்துக்கு வந்தது. 2024-இல் ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ என்ற பெயரில் பழைய உலகம் மீண்டது. புதிய விதிகளில் வீரருக்கும் டிராகனுக்கும் உயிர்க்கணக்கு ஒன்றே. வீழ்ந்தால் இருவரும் சேர்ந்தே வீழ்வர். ஆட்டத்தில் சேணம் காலியாவதற்கு இனி வழியில்லை. அப்படியானால் வீரரை நிரந்தரமாக ஒட்டிவிடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நாங்கள் ஒட்டவில்லை.